மூன்றாவது உரிமையாளர்

பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் சங்கு திடீரென்று அலறியதில், ராஜசேகர் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். என் துண்டைக் கொடுத்தேன். விமானத்தோடு வீடியோ எடுக்கப்போகும் நேரத்தில் கறை தெரியக்கூடாது அல்லவா.

அது இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம். என்னைவிட வயதில் மூத்தது. துணி போர்த்திய இறக்கை, மூக்கில் மரத்தாலான விசிறி. எனக்குத் தெரிந்து அதற்கு மூன்று உரிமையாளர்கள். முதலாமவர் காபித் தோட்டக்காரர். சக்கரத்தில் சாணியோடு கொண்டுவந்து நிறுத்துவார். இரண்டாவது, பெங்களூரில் ஒரு பயிற்சி கிளப். மாணவர்கள் தரையில் குத்திக் குத்தி அதன் கால்களை ஒடித்தார்கள். ஆட்கள் மாறினார்கள், சர்வீஸ் செய்த என் கை மாறவில்லை. "அந்தத் துணி றெக்கைக்கே தாலி கட்டியிருக்கலாம்ல நீங்க" என்பாள் என் மனைவி அருள்செல்வி.

மூன்றாமவர்தான் ராஜசேகர். ஓசூரில் கிரானைட் ஏற்றுமதி. கெட்டவர் இல்லை. வேப்பனப்பள்ளித் தோட்டத்திலிருந்து வருஷம் தவறாமல் எனக்கு மாம்பழக் கூடை அனுப்புவார். கிருஷ்ணகிரி ரோட்டில் ஹோட்டல் கட்டியதும் ஒரு நாள் சொன்னார்:

"சகாயண்ணா, றெக்கைய அறுத்துட்டு ஹோட்டல் மாடியில ஏத்திடலாம். பசங்க ஏறி செல்ஃபி எடுத்துத் தள்ளிடும். நீங்க பக்கத்துல நின்னு கதை சொல்லுங்க, போதும். சம்பளம் அதேதான்."

நான் சிரித்தேன். ரம்பக்காரனுக்கு அவர் தேதியும் சொல்லிவிட்டிருந்தார்.

அதற்கு முன்னால் விளம்பரத்துக்காக ஒருமுறை இன்ஜினை ஓட விட ஆசைப்பட்டார். அந்த விமானத்தில் ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சை அணைத்துவைக்க வேண்டும். இன்னொருவர் விசிறியைக் கையால் சுற்றிப் பெட்ரோலை உள்ளே இழுக்க வேண்டும். அதன் பிறகுதான் சுவிட்சைப் போடுவது. எப்போதும் சுற்றுவது நான். அன்று தானே சுற்றுவதாகச் சொன்னார். வீடியோவுக்கு அதுதான் அழகு என்று ஒரு வாரமாக அவர் காதில் ஓதிவந்தது நான்தான்.

சுவிட்சை அணைத்ததும் தீப்பொறியை நிறுத்துவது ஒரு மெல்லிய ஒயர். அதைக் கழற்றிவிட்டால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் இன்ஜின் உயிரோடுதான் இருக்கும். கழற்றிவிட்டேன். ஆள் மேல் பட்டால் விசிறி வீணாகிவிடும் என்பதால், நல்ல விசிறியை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, விரிசல் விட்ட பழையதை மாட்டினேன்.

"சுவிட்ச் ஆஃபாண்ணா?" என்று உள்ளே உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டார்.

"ஆஃப்" என்றேன். அது பொய்யில்லை.

சங்கு ஓய்ந்திருந்தது. அவர் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றினார்.

எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரனிடம் நானே சொல்லிவிட்டேன். எனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ரம்பத்திலிருந்து அதைக் காப்பாற்றிவிட்டேன், அது போதும். மழை தொடங்குவதற்குள் ஷெட்டுக்குள் விடச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் பேனாவை மூடினார். "அது இப்ப கேஸ் சொத்துங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் ஸ்டேஷன் வாசல்ல, பிடிபட்ட மணல் லாரிங்களோட வெயில்லயும் மழையிலயும்தான் கெடக்கும்."