பதினொரு அடையாளங்கள்

எங்களை மரம் வெட்டுகிறவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நாங்கள் மரம் பராமரிப்பவர்கள். வெட்டுவதற்கும் கிளை கழிப்பதற்கும் வித்தியாசம் உண்டு ஐயா. நீங்கள் எழுதிக்கொள்ளும்போது அந்த வார்த்தையையாவது சரியாகப் போடுங்கள்.

கம்பெனி என்று பெயர்தான் பெரியது. நான், டிரைவர், உச்சாணி, மூன்றே பேர். உச்சாணி அவனுடைய சொந்தப் பெயர் இல்லை. எந்த மரமானாலும் உச்சாணிக் கிளைவரை போவான் என்று டிரைவர் வைத்த பெயர். அவன் நாட்டிலிருந்து நான்தான் டிக்கெட் போட்டு அழைத்து வந்தேன். ஐந்து வருடம் ஆகிறது. நாற்பத்தெட்டு வயது, வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாது. லாரியும் இயந்திரங்களும் நிறுத்துகிற யார்டுக்குப் பின்னால் ஓர் அறை, கட்டில், மின்விசிறி எல்லாம் கொடுத்திருந்தேன். சாயங்காலம் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். இயந்திரங்களுக்காகத்தான் பூட்டினேன். அவன் உள்ளே இருந்தது தற்செயல்.

போன வருடம் பள்ளிக்கூட மரங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை, முதலாளி ஒருநாள் பயிற்சிக்குப் போக வேண்டும். சிறு தொழில்களில் நவீன அடிமைத்தனத்தைத் தடுப்பது எப்படி என்று பயிற்சி. மற்ற முதலாளிகள் டீக்கும் பிஸ்கட்டுக்கும் வந்தவர்கள். முன் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தது நான் ஒருவன்தான். நடத்திய அம்மா பதினொரு அடையாளங்கள் அச்சடித்த தாளைக் கொடுத்து, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அங்கே அடிமைத்தனம் இருக்கலாம் என்றார். எனக்குத் திக்கென்றது. எங்கள் யார்டில் ஒன்பது இருந்தன.

வேறொருவன் என்றால் தாளைச் சுருட்டி எறிந்திருப்பான். நான் மறுநாளே வேலையில் இறங்கினேன். எப்போதும் ஒரே உடையில் இருப்பது ஓர் அடையாளம். மூன்று சட்டை வாங்கிக் கொடுத்தேன். ஆவணங்கள் முதலாளியிடம் இருக்கக் கூடாது. உச்சாணியின் பாஸ்போர்ட் என் வீட்டு அலமாரியில் இருந்தது. அவன் அறையிலேயே ஓர் இரும்புப் பெட்டி வைத்து அதற்குள் போட்டேன். பெட்டி அவனுடையது. சாவி தொலைந்துவிடக் கூடாதே என்று நான் வைத்துக்கொண்டேன்.

கண்ணைப் பார்த்துப் பேசாமல் இருப்பதைச் சரிசெய்யத்தான் நாள் பிடித்தது. அவன் குனிந்தே பேசிப் பழகியவன். தினமும் காலையில் பத்து நிமிடம் எதிரே உட்காரவைத்து, என் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். முதல் வாரம் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரத்தூளாக இருக்கும்.

விரும்பினால் போகலாம் என்று தொழிலாளிக்குத் தெரியாமல் இருப்பது கடைசி அடையாளம். அதற்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மாவிடம் புதுச் சட்டையில், நிமிர்ந்து நின்று ஒப்பித்தான். அவர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இந்த மாதம் ஐந்தாம் தேதி காலையில் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். உச்சாணி வந்து எதிரே நின்றான்.

"அண்ணே, நான் எப்ப வேணும்னாலும் போகலாம். என்னை யாரும் தடுக்கலை."

"சபாஷ்," என்றேன். "திக்காம சொல்றே. ஆனா இந்த மாசம் ஆய்வு எதுவும் இல்லையே."

"ஆய்வுக்கு இல்லண்ணே. பதினெட்டாம் தேதி பொண்ணுக்குக் கல்யாணம். நான் போகணும்."

கண்ணை எடுக்கவே இல்லை. அதுவும் என் கைங்கரியம்தான்.

கல்யாண விஷயம் எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனில், என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவன் வீட்டோடு பேசுவான். மழைக்காலத்துக்குள் இன்னும் ஏழு பள்ளிக்கூடம் பாக்கி என்று எடுத்துச் சொன்னேன். "போன்லயே பாரேன். இப்பல்லாம் நேர்ல பாக்கறதைவிட அதுலதான் தெளிவாத் தெரியுது."

"நான் வர்றப்ப அவ சின்னப் பொண்ணுண்ணே. என் தோள் உயரம்கூட இல்ல. வளர்ந்தவளை நான் இன்னும் பாக்கவே இல்ல. பெட்டிச் சாவியைக் குடுங்க."

ஐந்து வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வலித்தது. சோறு போட்டவனிடம் கேட்கிற கேள்வியா?

"முதல்ல இன்னிக்கு வேலையை முடி. சாயங்காலம் பேசிக்கலாம்," என்றேன்.

பள்ளி மைதானத்தின் மூலையில் ஒரு பட்ட மரம், அறுபது அடி. பட்டுப்போனதை மட்டும் நாங்கள் முழுதாக எடுப்போம். ஏணி வைத்து ஏறி, கிளைகளை அறுத்துக்கொண்டே மேலே போக வேண்டும். அறுத்த பிறகு கால் வைக்க ஒன்றும் இருக்காது. உச்சிக் கவட்டையில் போட்ட கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை கீழே என் கையில். நான் விட விட அவன் இறங்குவான். அன்று விடுமுறை, மைதானத்தில் ஈ காக்கை இல்லை.

பதினொரு மணிக்குக் கிளைகள் முடிந்தன. "விடுங்கண்ணே," என்றான். நான் கயிற்றைப் பக்கத்து மரத்தில் கட்டினேன்.

"கல்யாணத்துக்குப் போகலைன்னு சொல்லு, இறக்கிடறேன்."

கத்தவில்லை. அதட்டிப் பேசுவதும் அந்தத் தாளில் இருக்கிறது. அவன் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"அண்ணே, வெயில் கொளுத்துது, ஆளு மயங்கிடுவாரு," என்றான் டிரைவர். "ஏணியாவது இருக்கட்டும்ணே."

ஏணியை நானே லாரியில் ஏற்றினேன். டிரைவரைச் சாப்பிட அழைத்துப் போனேன். அவன் தட்டைத் தொடவில்லை. நான் நிதானமாகச் சாப்பிட்டேன். ஒரு மனிதனுக்கு முடிவெடுக்க அவகாசம் கொடுக்க வேண்டும் இல்லையா.

இரண்டரைக்குத் திரும்பியபோது கயிற்றின் முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பு முடிச்சை அவனே அவிழ்த்திருக்கிறான். வழுக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பாதி தூரம் இறங்கியிருக்கிறான். பட்டை முழுக்க ரத்தமும் சட்டைக் கிழிசலுமாக இருந்தது. மீதி தூரம் விழுந்திருக்கிறான். மூச்சு இருந்தது. நான் அவன் பக்கத்தில் உட்காருவதற்குள் டிரைவர் ஆம்புலன்சுக்கும் உங்கள் ஸ்டேஷனுக்கும் போன் போட்டுவிட்டான்.

கயிற்றைக் கட்டியது நான். ஏணியை எடுத்தது நான். அவன் போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன், தெரிந்தே செய்தேன். முடிச்சை அவிழ்த்தது அவன்; அதையும் விடாமல் எழுதுங்கள்.

நாளைக்குக் கல்யாணம். அவனுக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, ஆறு மாதத்துக்கு எங்கேயும் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் அதையேதான் சொன்னேன் ஐயா. அவரை மட்டும் நீங்கள் விசாரணைக்கு அழைக்கவில்லை.