செவலையைச் சுட வேண்டாம்

வேட்டை நாய்க்குக் கம்பஞ்சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து போட்டால் வயிறு கெடாது, ஐயா. ஸ்டேஷன் வாசலில் கட்டியிருக்கிற செவலைக்கு நேற்றிலிருந்து யாரும் ஒரு வாய் போடவில்லை. நாளைக்கு அதைச் சுட்டுவிடப் போவதாகச் சொன்னார்கள். அதனால்தான் வந்தேன்.

என் பெயர் பச்சையப்பன். செத்துப்போன கங்காதரன் என் தம்பி.

எங்கள் வீட்டில் வேட்டை நாய் வாசலில் கிடக்காது. பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாயில் படுக்கும். செவலையை ஆர்.கே.பேட்டையிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, பஞ்சில் பால் நனைத்துப் புகட்டியவன் நான். வேட்டைக்குப் பழக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒருவர் பழைய மான்தோலைப் போர்த்திக்கொண்டு புதரில் தவழ வேண்டும். "புடி" என்றால் நாய் கவ்வும், "வுடு" என்றால் விட்டுவிடும். அந்த இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். இரண்டு குரலுக்குப் பழகிய நாய் வேட்டைக்கு ஆகாது. செவலைக்கு அந்தக் குரல் என்னுடையதாக இருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனேன். திரும்பி வந்த அன்று வாசலில் நின்று செவலையைக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தம்பியின் காலடியிலேயே படுத்துக்கொண்டது. என் பெண்சாதி ஜெயம்மாள் சிரித்தாள்.

"நீ இல்லாதப்போ சோறு போட்டுகினு இருந்தது தம்பிதானே. உன் கொரலு அதுக்கு மறந்துபூடுச்சு."

எனக்கு வயிறு எரிந்தது. தம்பி நல்லவன், ஐயா. நான் போன பிறகு என் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றியவன் அவன்தான். செவலையை அவன் என்னிடமிருந்து பறிக்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் ஆறவில்லை.

கிருத்திகையன்று நாங்கள் வேட்டைக்குப் போவதில்லை. மலைக்குக் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. சும்மா கிடந்தால் நாய் மந்தமாகிவிடும் என்று நான்தான் மான்தோலை எடுத்துக் கொடுத்தேன். தம்பிக்கு அதில் சந்தோஷம்.

"இன்னிக்கி நீயே சொல்லுண்ணா. பழையபடி அது உன் பேச்சக் கேக்கட்டும்" என்றான்.

ஓடைப் பக்கம் தோலைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்தான். நான் சொன்னேன். செவலை பாய்ந்து கவ்வியது. தோளில் பல் பட்டிருக்க வேண்டும், அவன் "வுடு" என்றான். உடனே விட்டுவிட்டது. நான் சொல்லாமலே விட்டுவிட்டது.

தம்பி தோளைத் தேய்த்துக்கொண்டு, சிரித்தபடி எழப் பார்த்தான். தோல் விலகிக் கழுத்து தெரிந்தது. அப்போது நான் மறுபடியும் "புடி" என்றேன். செவலை என்னைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. இன்னொரு முறை சொன்னேன். மானை எங்கே பிடிக்கப் பழக்கியிருந்தேனோ அங்கே பிடித்தது. அதற்குப் பிறகு அவனுக்குக் குரல் எழவில்லை. விடச் சொல்ல அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். சொல்லவில்லை.

நாய்க்கு வெறி பிடித்துவிட்டது என்றார்கள் ஊரார். நானும் தலையாட்டினேன். அதிலிருந்து சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஜெயம்மாளின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன், ஐயா? பாவம் என்னுடையது. தூக்கோ, தீவாந்தரமோ, கொடுப்பதைக் கொடுங்கள்.

ஆனால் செவலைக்கு வெறி இல்லை. வெறி பிடித்த நாய் யார் பேச்சையும் கேட்காது. அது கடைசியில் என் பேச்சைத்தான் கேட்டது.