முதல்ல நீ கீழ வை

— கண்ட்ரோல் ரூம்தான் சார், போலீஸ் கண்ட்ரோல் ரூம்தான். கொஞ்சம் சத்தமா பேசுங்க, பாதி கேக்கல.

— சத்தமா பேசினா செத்தேன், தாயி. கோழித்தீவன அடுக்குக்குப் பின்னாடிதான் ஒருத்தன் நிக்கிறான். கையில துப்பாக்கி.

— எந்தக் கடை சார்?

— பிகெட் தீவனக் கடை. நான் ஆர்வில் ஸ்டாம்பர்.

— ஸ்டாம்பர் அண்ணனா! நான் வில்மாண்ணே. சர்ச்சுல உங்களுக்குப் பின்பெஞ்சு. யாருக்காவது அடிபட்டிருக்கா?

— தெரியல வில்மா. டமார்னு ஒரு சத்தம். சனம் தலைதெறிக்க ஓடுச்சு. திரும்பிப் பாத்தா இவன் துப்பாக்கியோட நிக்கிறான். நானும் என்னோடத உருவிட்டேன்.

— ஐயோ! இப்பவும் கையிலயா வெச்சிருக்கீங்க?

— பின்ன? இருபது வருஷமா இடுப்புல சுமந்தது எதுக்கு? இத்தாம் பெரிய மாவட்டத்துக்கு ரெண்டே ரெண்டு போலீஸ் வண்டி. நீங்க வந்து சேர்றதுக்குள்ள இங்க கருமாதியே முடிஞ்சிரும்.

— அந்தச் சண்டைய அப்புறம் போடலாம். வண்டி கிளம்பிருச்சு, நாலே நிமிஷம். துப்பாக்கியத் தரையில வெச்சிருங்கண்ணே.

— விளையாடுறியா? நான் வெச்சா அவன் சுட்ருவான்!

— வெக்கலேன்னா போலீஸ் சுட்ரும். உள்ள வர்றவருக்கு எது நல்ல துப்பாக்கி, எது கெட்ட துப்பாக்கின்னு எப்படித் தெரியும்?

— எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு தாயி! எட்டு மணி நேரம் கிளாஸ்ல உக்காந்து, பரீட்சை எழுதி வாங்கினது. இப்பதான் லைசென்சே வேணாம், எவன் வேணா சொருகிக்கிட்டுத் திரியலாம்னு சட்டத்த மாத்தித் தொலைச்சிட்டாங்களே. புத்திகெட்டுப் போயி அதுக்கு நானும் மனுவுல கையெழுத்துப் போட்டேன்.

— லைசென்ஸ் எங்க இருக்கு?

— பர்சுல. பின்பாக்கெட்டுல.

— போலீஸ் வரும்போது அந்தப் பக்கம் கை போச்சுன்னா என்ன ஆகும்னு நெனைச்சுப் பாருங்க.

— அட கடவுளே… வேர்வையில பிடி வழுக்குது, வில்மா.

— வெரல வெளிய எடுங்க. விசையில வெரல் இருக்கக் கூடாது. எடுத்துட்டீங்களா?

— எடுத்துட்டேன்.

— அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அவரு சுட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா?

— அதான் சத்தம் கேட்டுச்சுங்கிறேனே!

— பாத்தீங்களா, இல்லையா?

— …இல்ல.

— இருங்க, வந்துர்றேன். ஃபோன வெச்சிராதீங்க.

— வில்மா? ஏ வில்மா, என்னை விட்டுட்டுப் போயிராத தாயி! தலைய நீட்டிப் பாக்குறான். சின்னப் பயலா இருக்கான். மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. வாய் வேற அசையுது… பைத்தியமா என்னன்னு தெரியலயே. வில்மா!

— வந்துட்டேன். அசையாம கேளுங்க. கடைக்காரர் பிகெட் பின்கொட்டாயில இருந்து ஃபோன்ல பேசினாரு. வெடிச்சது டிராக்டர் டயரு. காத்தடிக்கும்போது வெடிச்சிருச்சாம். யாரும் யாரையும் சுடல.

— டயரா?

— டயருதான். கீழ வையுங்கண்ணே. உங்களக் கெஞ்சிக் கேக்குறேன். வண்டி வாசலுக்கு வந்துருச்சு.

— சைரன் கேக்குது. நான் வெக்க மாட்டேன்! யாரும் சுடலேன்னா இவன் எதுக்கு என்னைப் பாத்துக் குறி வெச்சுக்கிட்டு நிக்கிறான்? யாரு இவன்?

— அவரும் இங்கதாண்ணே ஃபோன்ல பேசிட்டிருக்காரு, பக்கத்து மேசையில இருக்கிற டோனாகிட்ட. தீவன மூட்டைக்குப் பின்னாடி ஒரு கெழவன் சுட்டுட்டு ஒளிஞ்சிருக்கான், அவன முதல்ல கீழ வெக்கச் சொல்லுங்கன்னு அழுதுட்டிருக்காரு.