சூடு ஆறாத பாட்டில்

— கழுத்து நெரியுது, மாதப்பா! வத்து சாமி, வேணாம்! கைய எடு!

— நெரியட்டும். ஒன் கடை வாசல்ல வெயில்ல அடுக்கி வெக்கிறியே தண்ணி பாட்டிலு, அதுதான் எம் புள்ளையத் தின்னுச்சு. பதில் சொல்லு சென்னகிருஷ்ணா, கேட்டியா?

— எந்தப் புள்ளப்பா?

— ஜோதிமணி வயித்துல இருந்த புள்ள. கலைஞ்சு போயிருச்சு. வெயில்ல காஞ்ச பாட்டில் தண்ணிதான் காரணமாம். பிளாஸ்டிக்கு கரைஞ்சு தண்ணியோட உள்ள எறங்குதாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க.

— தேவுடா! நான் தார்ப்பாய் போட்டு மூடித்தானே சாமி வெக்கிறேன்...

— மூடுனியா? இந்தா, இந்த பாட்டில் கேஸு ரோட்டுக்குப் போகட்டும். இதுவும் போகட்டும். டேய், போன் பக்கம் கைய நீட்டாத! வயரப் பிச்சு எறிஞ்சிட்டேன்.

— கால்ல மிட்டாய் பாட்டில் கண்ணாடி ஏறிருச்சுப்பா, ரத்தம் பாரு...

— எம் பொண்டாட்டி ரத்தத்தப் பாத்தவன்டா நான். எந்தக் கையால அடுக்குன? இதுவா? கல்லா மேல வெய்யி.

— மாதப்பா, ராடு வேணாம், சாமி, நான் புள்ள குட்டிக்காரன்... அய்யோ! அம்மா! வெரலு போச்சே!

— இன்னொரு கை.

— ஏங்க! விடுங்க அவர! அந்த ராடக் கீழ போடுங்க!

— ஜோதி, பச்ச ஒடம்போட நீ ஏன் ஓடியாந்த? ஷிப்ட்டு முடிஞ்சு நேரா இங்கதான் வந்தேன். ஒனக்கு சுடுதண்ணி பையில இருக்கு. எடுத்துட்டுப் போய்க் குடிச்சுட்டுப் படு.

— தங்கச்சி, நீயாவது சொல்லும்மா. நான் என்ன பண்ணேன்?

— நீங்க ஒண்ணும் பண்ணலண்ணா. கைய இந்தத் துண்டால சுத்திப் புடிங்க. ஏங்க, முழுகாம ஆனதுலேருந்து நான் இவரு கடையில பாட்டில் வாங்குனதே இல்ல.

— பொய் சொல்லாத. வெயில்ல வெச்ச பாட்டிலுன்னு டாக்டரம்மா சொன்னதா நீதானடி சொன்ன?

— வெயிலுன்னு நான்தாங்க மாத்திச் சொன்னேன். அவங்க சூட்டுல வெச்ச பாட்டிலுன்னுதான் சொன்னாங்க. புள்ள போனது அதனாலதானான்னு தெரியாது, இருந்தாலும் இனிமே வேணாம்னாங்க.

— மாத்திச் சொன்னியா? இவன் வெரல ஒடச்சிட்டேன்டி! எதுக்கு மாத்துன?

— நெசம் தெரிஞ்சா நீங்க உசுர விட்டுருவீங்கன்னு பயந்துட்டேன். இப்படி ராடத் தூக்கிட்டுக் கெளம்புவீங்கன்னு நெனைக்கலங்க.

— வெயில் இல்லன்னா வேற எந்தச் சூடு? சொல்லுடி!

— பனியில பொண்டாட்டி பச்சத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு, ராவெல்லாம் கம்பெனி ஃபர்னஸ் சூட்டுல பிளாஸ்டிக் பாட்டில வெச்சு, பாசமா பையில கொண்டாறீங்களே... நான் தெனமும் குடிச்சது அந்த பாட்டில் தண்ணியத்தாங்க.