கம்பியின் மேல் அச்சாகியிருந்த முத்திரை

என் பெயர் ஸ்ரீலேகா, த/பெ முத்துசுவாமி, வயது 48. சொந்த ஊர் பாலக்காடு கல்பாத்தி. உடும்பஞ்சோலையில் பதினோரு வருடமாக மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியையாக இருக்கிறேன். வாடகை வீட்டில் தனியாக வசிக்கிறேன். அடுத்த வீட்டில் ஏலத்தோட்டத் தொழிலாளி முருகேஸ்வரி, வயது 39, கணவர் நல்லதம்பியுடன் குடியிருக்கிறார்.

மின்சாதனம் எது வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையிலுள்ள உரிம எண்ணைக் கைபேசிச் செயலியில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். அதைத் தெரிந்துகொண்டதிலிருந்து முருகேஸ்வரியும் தான் வாங்கியவற்றை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். அவரைத் தவிர என் வீட்டுக்கு வருபவர்கள் இல்லை.

கடந்த 3.12.2024 அன்று ஜோஜோ என்பவரின் கடையில் வாங்கிய தண்ணீர் சுடவைக்கும் ராடு ஒன்றைக் காட்டினார். அதில் ஒட்டியிருந்த முத்திரைத் தாளில் எண்ணே இல்லாததால் வேண்டாம் என்றேன். அதன்பிறகு மறுநாள் மாற்றிக் கொண்டுவந்ததன் எண் செயலியில் கிடைக்காததால் அதையும் வேண்டாம் என்றேன். அதன்பிறகு ஒன்பது நாள் அவர் வரவில்லை. 14ஆம் தேதி மாலை மூன்றாவது ராடுடன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "டீச்சர், இதையாவது நல்லதுன்னு சொல்லிருங்க. இன்னொருக்கா போனேன்னா ஜோஜோ அண்ணன் கடையப் பூட்டிட்டு ஓடிருவாரு," என்று சிரித்தார்.

இதில் முத்திரை தாளாக ஒட்டப்படாமல், ராடிலிருந்து பிளக்குக்குப் போகும் மின்கம்பியின் மேலேயே அச்சாகியிருந்தது. எண்ணைப் போட்டதும் உரிமம் நடப்பில் இருப்பதாக வந்தது. எந்தப் பொருளுக்கான உரிமம் என்ற விவரம் அதற்குக் கீழே இருக்கும். அதை நான் படிக்கவில்லை. இன்னொரு முறை வேண்டாம் என்று சொன்னால் அவர் வருவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். "இது சரியாயிருக்கு, வெச்சுக்கோ. உள்ளே வா, காபி போடறேன்," என்றேன். அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அலறல் கேட்டு ஓடினேன். நல்லதம்பி சுவிட்சை அணைத்திருந்தார். முருகேஸ்வரி தரையில் கிடந்தார். தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கைவைத்துப் பார்த்தபோது ஷாக் அடித்ததாக நல்லதம்பி சொன்னார். அதன்பிறகு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் இதுவரை மடங்கவில்லை. ஏலக்காய் பறிப்பது அந்தக் கையால்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செயலியைத் திறந்து மீதியைப் படித்தேன். உரிமம் அந்த மின்கம்பிக்கு மட்டும் தரப்பட்டது. முத்திரை போலியல்ல. ராடுக்கு முத்திரையே கிடையாது.

யாரிடமும் காட்டாமல் வாங்கியதாக முருகேஸ்வரி போலீசாரிடம் கூறியிருக்கிறார். டீச்சர் பார்த்துச் சரி என்று சொன்னதாக முருகேஸ்வரியே தன்னிடம் தெரிவித்தார் என்று கடைக்காரர் கூறுவதை இதனால் யாரும் நம்பவில்லை என்று அறிந்தேன். நேற்று வார்டில் இதைப் பற்றிக் கேட்டதற்கு முருகேஸ்வரி, "ஒங்க பேரு எதுக்கு டீச்சர் ஸ்டேஷனுக்குப் போவணும்? பேசாம இருங்க," என்றார்.

கடைக்காரர் முத்திரையில்லாத ராடை விற்றது அவருடைய குற்றம். ஆனால் என்னைப் பற்றி அவர் சொன்னது உண்மை. முருகேஸ்வரி அதை என்னிடம் காட்டினார். நான் சரி என்றதால்தான் பயன்படுத்தினார். எனக்காக மறைத்ததற்கு அவர்மேல் நடவடிக்கை கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். யாரும் அழைக்காமல் நானே ஸ்டேஷனுக்கு வந்து இதைச் சொல்கிறேன். இதற்குப் பிறகு அவர் என் வீட்டுக்கு வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

மலையாளத்தில் எழுதியதைத் தமிழில் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, மாற்ற வேண்டியது எதுவுமில்லை.

(ஒப்பம்) ஸ்ரீலேகா
21.12.2024