எங்க ஊருல யாருக்கும் ஒண்ணுமில்ல

டிரைவர் தம்பி, வண்டியத் திருப்பி நிறுத்துங்க. மனநலம்னு எழுதியிருக்கிற பக்கம் கருவேலங்காட்டப் பாக்கட்டும், ஊரப் பாக்க வேணாம். நீங்க உக்காருங்க மேடம். நான் இருளப்பசாமி, வார்டு மெம்பரு. தலைவருக்குக் கொரோனா, அதான் நான் வந்தேன்.

கூட்டம் ஏன் கலைஞ்சிருச்சுன்னா கேக்குறீக? கவுன்சிலிங்குக்கு ஆளு வாராகன்னு மைக்குல சொல்லிட்டாக. எங்க ஆளுகளுக்குக் கவுன்சிலிங்னா ஒண்ணுதான், இன்ஜினியரிங் சீட்டு. மார்க் ஷீட்டு, சாதிச் சர்டிபிகேட்டுன்னு அம்புட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு ஓடியாந்தாக. மாரிச்சாமி உங்ககிட்டயே கேட்டாருல்ல, எந்தக் காலேஜுக்கு அருப்புக்கோட்டையிலருந்து பஸ்ஸு வருதுன்னு? நீங்க, பிள்ளை ராத்திரி தூங்குதான்னு திருப்பிக் கேட்டீக. அம்புட்டுதான். தாடையில கெடந்த மாஸ்க்க மூக்குக்கு ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டாக. கொரோனா வந்து இன்னிக்குத்தான் ஊரே ஒழுங்கா மாஸ்க் போட்டுச்சு.

தெருத்தெருவா நடக்கப் போறீகளா? நடங்க. மேலத்தெரு மட்டும் வேணாம். அங்க ஒரு பிள்ளைக்கும் ஒண்ணுமில்ல. எங்க வீடே அங்கதான இருக்கு, எனக்குத் தெரியாதா? பரிச்சையே எழுதாம பன்னெண்டாப்பு பாஸான பிள்ளைகளுக்கு மனசுல என்ன கொறை வரும், சொல்லுங்க?

யாரு, கிருஷ்ணப்ரியாவா? மாரிச்சாமி மகதான். பேச்சே இல்லைன்னு நர்ஸம்மா சொன்னாகளா? அது அடக்கம் மேடம். முன்ன லொடலொடன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சப்ப ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கல. வாயடைச்சுப் போன பெறகு ரெண்டு எடத்துலருந்து பொண்ணு கேட்டு வந்துட்டாக. நீங்க பாட்டுக்கு அதச் சரி பண்ணி விட்டுட்டா அந்த மனுசன் எங்கிட்டுப் போவாரு?

ஜக்கம்மா மகன் பகலெல்லாம் போர்வைக்குள்ள கெடக்கான். வெயிலு படாம நெறம் வந்துருச்சுன்னு ஆத்தாக்காரிக்குச் சந்தோசம்.

எம் மகனா? அழகுராஜா. அவனப் பத்தி யாரு சொன்னா? தங்கமான பிள்ளை மேடம். வெளிய வராதீகன்னு கெவருமெண்டு சொன்னத இந்த ஊருலயே கேட்ட ஒரே ஆளு அவன்தான். எல்லாரும் வெளிய வந்துட்டாக, பஸ்ஸு ஓடுது, டீக்கடை தெறந்தாச்சு, அவன் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கான். சோத்த வாசல்ல வச்சா சில நாளு எடுப்பான். பரிச்சைக்கு அப்பிடிப் படிச்சான். பரிச்சை இல்லன்னு டிவியில சொன்னப்ப ஊருல பிள்ளைக வெடி போட்டுச்சுக. இவன் புஸ்தகத்த மூடி வச்சிட்டுச் சும்மா உக்காந்தவன்தான்.

பெறகென்ன, எழுதிக்கோங்க, யாருக்கும் ஒண்ணுமில்லன்னு. நான் கையெழுத்துப் போடுறேன்.

மேடம், ஒரு நிமிசம். டிரைவரு டீ குடிக்கப் போயிட்டாருல்ல? வண்டி வேணாம். பருத்திக்காட்டு வழியா நடந்தா எங்க வீட்டுப் பின்கட்டு வந்துரும், ஒருத்தர் கண்ணுலயும் படாது. அவன் ரூமு வாசல்ல அவங்கம்மா படுத்திருப்பா, தாண்டிப் போங்க. ராவும் பகலும் நானும் அவளும் மொற வச்சு அங்கனதான் காவலுக்குக் கெடக்கோம். கதவத் தட்ட வேணாம், தள்ளுனாலே தெறக்கும். உள்தாழ்ப்பாள நான்தான் கழட்டுனேன். துருப்புடிச்சிருச்சுன்னு அவன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். கேட்டா, நீங்களும் அப்பிடியே சொல்லுங்க.