வெள்ளைக்கல் தலைநகரம்

செந்துறையிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பக்கத்து சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அவர் தான் எழுதும் மாயாஜாலத் தொடர்கதையை செல்போனில் பார்த்து வாசித்துக்கொண்டு வந்தார். அந்தம்மா மடியில் நிலப்பத்திரம் வைத்த பை. நின்றே வந்த எனக்குக் கதை கேட்கும் பொறுமை இல்லை. ஆனாலும் காதில் விழுந்தது.

“ஏங்க, உங்க தலைநகரம் சுத்தப் பொய்யிங்க.”

“றெக்கை வச்ச யானை பறக்குது, அதை விட்டுட்டியே!”

“யானை பறக்கட்டும். ஏழு சுத்து மதிலும் வெள்ளைக்கல்லுன்னு எழுதியிருக்கீங்க. அவ்வளவு கல்லை எங்க தோண்டுனாங்க? சுத்துப்பட்டுல ஒரு பள்ளங்கூட இல்லியே.”

“மந்திரத்துல வந்துச்சுன்னு வச்சுக்கயேன்.”

“அரியலூர்க்காரரு எழுதுற எழுத்தா இது? நம்ம பக்கத்துக் கொல்லைக் காட்டைச் சுண்ணாம்புக்கல்லு தோண்ட சிமெண்டு கம்பெனிக்கு வித்தாங்க. இப்ப பனைமரத்தையே முழுங்குற பள்ளம். நம்ம போர்ல தண்ணி வருதா?”

“அதனாலதானே நாமளும் விக்கப் போறோம்! கதையையும் கொல்லையையும் ஏன்டி போட்டுக் குழப்புற?”

“பத்திர ஆபீஸ்லாம் இறங்கு!” என்று கண்டக்டர் கத்தினார். புருஷன் எழுந்தார். அந்தம்மா பையை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

“கொல்லை என் பேர்ல இருக்கு. கல்லு தோண்டுன ஊர்ச் சனம் எங்க போச்சுன்னு முதல்ல உங்க கதையில எழுதுங்க. அப்புறம் வந்து கையெழுத்துப் போடுறேன்.”

“சார், இறங்குறீங்களா இல்லியா?”

அவர் அந்தம்மாவை முறைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

“பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க.”